என் கடையின் பில்களை வைத்து வரைந்த வரைபடம்: திருகோணமலையில் ஒரு சேவை பற்றி

கடைக்கு வந்த மூன்று நான்கு முதலாளிமார் காசு மேசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பெரிய தாளைக் காட்டி, "இது என்ன, யார் செய்து தந்தது, எவ்வளவு எடுத்தார்கள்?" என்று கேட்டுவிட்டார்கள். சாமான் ஏற்றுகிற நேரத்தில் நின்று விளக்கமாகச் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

கண்டி வீதியில், பாலையூற்றில் எங்கள் ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. அப்பா தொடங்கியது. நான் பொறுப்பெடுத்துப் பதினாறு வருடமாகிறது. சீமெந்து, கம்பி, பிவிசி குழாய், அதற்கான எல்போ, சொக்கெட், பெயின்ட், கொஞ்சம் மின்சாரச் சாமான் விற்கிறோம். வாடிக்கை உப்புவெளியிலிருந்து தம்பலகாமம் வரைக்கும், பாலம் வந்த பிறகு கிண்ணியாவிலும் நிறைய. விற்பனை மாதம் நாற்பது இலட்சத்தைச் சுற்றி. ஆனால் மாதக் கடைசியில் வங்கியில் காசு இருப்பதில்லை. கணக்காளர் இலாபம் என்று காட்டுகிறார், அந்த இலாபம் எங்கே என்று கேட்டால் கை விரிக்கிறார். பல வருடம் இப்படித்தான் ஓடியது.

போன வருடம் ஏகாம்பரம் வீதிப் பக்கம் மாடி அறை ஒன்றில் இரண்டு இளையவர்கள் தொடங்கிய சேவையைப் பற்றி மனைவியின் உறவுக்காரர் ஒருவர் சொன்னார். கணக்கியல் படித்த பெண் ஒருவர், தரவு வேலை தெரிந்த பையன் ஒருவர். நம்முடைய பில், வங்கிக் கூற்று, கொள்வனவு ரசீது, கடன் கொப்பி எல்லாவற்றையும் எடுத்து, இந்த வியாபாரம் எப்படிக் காசு சம்பாதிக்கிறது, எங்கே காசைப் பூட்டி வைக்கிறது என்பதை ஒரே தாளில் வரைந்து தருவார்கள். பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், அவர்கள் இப்போதுதான் தொழில் தொடங்கியவர்கள். வேண்டியவர்கள் கடைக்கு வந்து கேளுங்கள், தொலைபேசி இலக்கம் தருகிறேன்.

முதல் நாள் அவர்கள் என் கணக்கைத் தொடவே இல்லை. அந்தத் தங்கச்சி மடிக்கணினியைத் திறந்து டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் காட்டினார். "அண்ணா, நீங்கள் விற்கிற பையை அரைக்கிற கொம்பனி கொழும்பு பங்குச் சந்தையில் இருக்கிறது. அதனால் அவர்களுடைய கணக்கு முழுவதையும் யாரும் சும்மா எடுத்துப் பார்க்கலாம். முதலில் இதை வாசிப்போம்" என்றார். அந்தத் தொழிற்சாலை நமது துறைமுகக் கரையில் நிற்கிறது. 1982இல் தொடங்கிய நிறுவனம். இத்தனை வருடம் அவர்களுடைய சரக்கை விற்று, ஒருநாளும் அவர்களுடைய கணக்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டு மணித்தியாலம் இருந்தோம். படங்களும் தலைவர் உரையும் உள்ள முன்பக்கங்களை அவர் புரட்டிவிட்டார். நேராக நிதிக்கூற்றுகளுக்கும் அதற்குக் கீழே வரும் குறிப்புகளுக்கும் போனார். சரக்கிருப்பு எவ்வளவு, அதில் மூலப்பொருள் எவ்வளவு, வரவேண்டிய கடன் எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு, எந்த நாணயத்தில். கிளிங்கர், அதாவது சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டெடுத்த கட்டி, கப்பலில் வருகிறது, இங்கே அரைத்துப் பையில் போடுகிறார்கள். புத்தளத்தில் சுண்ணாம்புக்கல்லே பக்கத்தில் இருப்பதால் அங்குள்ள ஆலை கிளிங்கரையே தானாகச் செய்கிறது. இங்கே ஆழமான துறைமுகம்தான் மூலதனம். மின்சாரத்தின் ஒரு பகுதியை உமியும் சீமைக்கிளுவை விறகும் எரித்துத் தாங்களே எடுக்கிறார்கள். சரி, இதெல்லாம் ஊரில் எல்லாரும் அரைகுறையாய் அறிந்ததுதான். ஆனால் கணக்கோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் ஒன்று விளங்கியது. வாங்குவது டொலரில், விற்பது ரூபாயில். அப்படி ஒரு தொழிலில் கீழே இருக்கிற எங்களுக்கு நீண்ட நாள் கடன் தர அவர்களால் இயலாது. எங்கள் ஏஜென்ட் பதினான்கு நாளுக்கு மேல் ஏன் பொறுப்பதில்லை என்று நான் எவ்வளவு சண்டை பிடித்திருக்கிறேன்!

லங்கா ஐஓசியின் அறிக்கையையும் கொஞ்சம் பார்த்தோம். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை எல்லாருக்கும் தெரியும், பெற்றோல் ஷெட்டையும் தெரியும். அறிக்கையைத் திறந்தால் கப்பலுக்கு எரிபொருள் நிரப்புவது, மசகெண்ணெய், தார் என்று பல வியாபாரம் ஒரே பெயருக்குள் இருக்கிறது. "எது அதிகம் விற்கிறது என்று ஒரு கேள்வி. எது அதிகம் மிஞ்சுகிறது என்று இன்னொரு கேள்வி. அண்ணா உங்கள் கடையிலும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்கப்போகிறோம்" என்றார். இந்த முதல் நாளுக்கு மட்டும் கொடுத்த காசு சரி என்று இப்போதும் சொல்வேன்.

அப்புறம் என் கணக்கு. மூன்று வருடப் பில், 27,000க்கு மேல். எங்களிடம் பில் மென்பொருள் இருக்கிறது, அதனால் எல்லாம் சுத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அரை இஞ்சி எல்போ ஒன்றுக்கே 14 பெயர் இருந்தது. ஒரு பொடியன் 'எல்போ அரை' என்று அடித்திருக்கிறான், இன்னொருவன் 'அ.இ. எல்போ', மற்றவன் 'வளைவு சின்னது'. அவசரத்தில் 'பலசாமான்' என்று ஒரு வரியில் முடித்த பில்களும் இருந்தன. 4,100 பெயர்களை 1,260 ஆகக் குறைக்க அவர்களுக்கு நான்கு நாள் போனது. அந்த நான்கு நாளும் எங்கள் கடைத் தம்பி ஒருவன் பக்கத்திலேயே இருந்து "இது அதுதான், அது இதுதான்" என்று சொல்ல வேண்டியிருந்தது. இதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஒரு ஆள் கடையில் குறைந்ததால் அந்த வாரம் நானே தராசில் நின்று ஆணி நிறுத்தேன்.

தாளில் ஒன்பது பெட்டி. யார் வாடிக்கையாளர், அவர்களுக்கு நாம் தருவது என்ன, அது எப்படிப் போய்ச் சேருகிறது, உறவு எப்படி, வருமானம் எங்கிருந்து, நம்மிடம் என்ன இருக்கிறது, என்ன வேலை செய்கிறோம், யாரை நம்பியிருக்கிறோம், செலவு எங்கே. இந்த ஒன்பது பெட்டி முறை உலகம் முழுக்கப் பாவிக்கிற ஒன்று, அதில் புதுமை இல்லை. முதல் வரைவில் 'நாம் தருவது' என்ற பெட்டியில் 'தரமான பொருள், நட்பான சேவை' என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபமே வந்தது. இது எந்தக் கடைக்கும் பொருந்தும், இதற்கா மூன்று வருடப் பில் கொடுத்தேன் என்று கேட்டேன். அந்தத் தங்கச்சி முகம் வாடாமல் எழுந்து அதை அழித்துவிட்டு, "சரி அண்ணா, பில்லில் இல்லாத எதையும் இந்தத் தாளில் எழுத மாட்டோம்" என்றார். அதற்குப் பிறகு வந்ததுதான் நல்ல வேலை.

விற்பனையில் நூற்றுக்கு 52 சீமெந்து, 20 கம்பி, மீதி 28 குழாய், எல்போ, பெயின்ட், மின்சாரச் சாமான். இதுவரை நான் அறிந்ததுதான். அடுத்த நிரல் நான் அறியாதது. ஏற்றி இறக்கும் கூலி போகச் சீமெந்தில் பைக்கு எனக்கு மிஞ்சுவது நாற்பது ரூபாய் அளவில். மாதம் ஆயிரம் பை போனால் நாற்பதாயிரம். மொத்த இலாபம் நூறு ரூபாய் என்றால் அதில் 79 ரூபாய் அந்தச் சில்லறைச் சாமான்களிலிருந்து வருகிறது. கடையின் பின் மூலையில், தூசி படிந்த தட்டுகளில் கிடப்பவை. முன்வாசல் முழுக்கச் சீமெந்தை அடுக்கி, பலகையிலும் சீமெந்துப் படத்தையே வரைந்து வைத்திருக்கிறேன்.

அடுத்தது நாள் கணக்கு. இதை எல்லா முதலாளிமாரும் தங்கள் கடைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், ஒரு தாளும் பேனையும் போதும். வரவேண்டிய கடனை ஆண்டு விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்கினால், விற்ற காசு எத்தனை நாளில் கைக்கு வருகிறது என்று தெரியும். சரக்கிருப்பையும் கொடுக்க வேண்டியதையும் அதே மாதிரி, ஆனால் ஆண்டு விற்பனைக்குப் பதிலாக, விற்ற சரக்கை வாங்கிய விலையை வைத்துப் போட வேண்டும். எனக்குச் சரக்கு கடையில் இருப்பது 28 நாள். கைக்காசு வியாபாரத்தையும் சேர்த்து விற்ற காசு வருவது 38 நாளில், கடனுக்குக் கொடுத்ததை மட்டும் எடுத்தால் 63 நாள். நான் கொடுக்க எடுப்பது 21 நாள். 28ம் 38ம் கூட்டி 21ஐக் கழித்தால் 45. ஒவ்வொரு ரூபாயும் கடையை விட்டுப் போய்த் திரும்பி வர ஒன்றரை மாதம். அந்த இடைவெளியை வங்கியின் மேலதிகப் பற்று, நாங்கள் 'ஓடி' என்பது, நிரப்புகிறது. முப்பது இலட்சம் ஓடி, 14 வீத வட்டி, மாதம் 35,000 ரூபாய். சீமெந்து தருகிற நாற்பதாயிரத்தை அதற்குப் பக்கத்திலேயே சிவப்பில் எழுதியிருந்தார்கள். வாசித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் சீமெந்துக் கடை நடத்துகிறேன் என்று நினைத்திருந்தேன். வங்கியில் வாங்கி மேசன்மாருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிற தொழிலைத்தான் நடத்தியிருக்கிறேன், சீமெந்துப் பை அந்தக் கடனைச் சுமந்து போயிருக்கிறது.

2022 பொருளாதார நெருக்கடி எங்களை ஏன் அப்படி அடித்தது என்பதும் இங்கேதான் விளங்கியது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய் அளவில் நின்ற பை அடுத்த வருடம் மூவாயிரத்தைத் தாண்டியது. அதே ஆயிரம் பையைக் கடனுக்குக் கொடுக்க மூன்று மடங்கு காசு வேண்டும். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. விலை ஏறினால் வியாபாரி கொழுக்கிறான் என்று சந்தியில் பேசினார்கள். நான் மனைவியின் காப்பை அடகு வைத்தேன்.

இனி இந்த வேலையில் சிறந்த இடம் என்று நான் நினைப்பதைச் சொல்ல வேண்டும். கடனுக்கு எடுப்பவர்கள் 38 பேர், பெரும்பாலும் மேசன் பாஸ்மார். வெளியில் நின்ற காசு ஐம்பது இலட்சம். அவர்களில் 11 பேர் மட்டுமே கட்டுகிற வீட்டுக்குக் குழாயும் எல்போவும் என்னிடமே எடுக்கிறார்கள் என்றும், 27 பேர் சீமெந்தும் கம்பியும் மட்டும் கடனுக்கு எடுத்துவிட்டு மற்றதை வேறு கடையில் கைக்காசுக்கு வாங்குகிறார்கள் என்றும் முதல் வரைபடம் காட்டியது. அந்த 27 பேரிடம் 31 இலட்சம். அந்த 27 பேருக்கும் கடனைக் குறையுங்கள் என்பது வரைபடம் செய்தவர்களின் முடிவு. கணக்கு அப்படித்தான் சொன்னது.

பட்டியலில் முதலாவதாக, கடும் சிவப்பில், கிண்ணியாவிலுள்ள மேசன் பாஸ் ஒருவரின் பெயர், நானா என்றுதான் அழைப்போம், முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் சொல்வது. சராசரியாக 118 நாள் தாமதம். அப்பா காலத்திலிருந்தே எங்களிடம் எடுப்பவர், ஒரு ரூபாய்கூட வராமல் போனதில்லை. "இது பிழை" என்றேன். பையன், "தரவு இதுதான் அண்ணா" என்றான். எனக்கும் பதில் தெரியவில்லை, ஆனால் மனம் ஒப்பவில்லை. இரவு கடையைப் பூட்டும்போது லொறி ஓட்டுகிற தம்பியின் பயணக் கொப்பி கண்ணில் பட்டது. எந்த வீட்டில் எந்தப் பில்லை இறக்கினோம் என்று தினமும் எழுதுவான். எண்ணெய் பட்டு மட்டை பிசுபிசுத்த, நாற்பது பக்கக் கொப்பி, அப்படி ஒன்பது கொப்பி. மறுநாள் அதைத் தூக்கிக் கொடுத்தேன்.

அந்த ஒன்பது கொப்பியையும் அவர்கள் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார்கள், அதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை. அப்போது தெரிந்தது. நானா சீமெந்து எடுத்த அதே வீட்டுக்கு, அதே மாதங்களில், 'கைக்காசு' என்று மட்டும் போட்ட, பெயரில்லாத பில்களில் குழாய், தொட்டி, வாஷ்பேசின், பெயின்ட் எல்லாம் போயிருக்கிறது. வாங்கியவர் வீட்டுக்கார அம்மா. சீமெந்தை நானா எழுதி எடுப்பார், மற்றதை அந்த அம்மா நேரே வந்து காசு கொடுத்து எடுப்பார். எங்கள் மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். லொறிக் கொப்பிக்கு ஒரு வீடு. இப்படி வீட்டை வைத்துச் சேர்த்தபோது 11 பேர் 17 ஆனார்கள், 27 பேர் 21 ஆனார்கள், அந்த 21 பேரிடம் நின்றது 24 இலட்சம்.

தாமதத்துக்கும் காரணம் வெளியே வந்தது. அந்த வீடுகளில் பாதிக்கு மேல் காசு அனுப்புகிறவர் கட்டாரிலோ சவூதியிலோ இருக்கிறார். முதல் வருடம் அத்திவாரம், அடுத்த முறை லீவில் வரும்போது சுவர், அதற்குப் பிறகு கூரை. காசு வருகிற மாதம்தான் நானாவுக்குக் கூலியும் எனக்குச் சீமெந்துக் காசும். 'வாடிக்கையாளர்' பெட்டியில் மேசன் பாஸ் என்று இருந்ததைத் தங்கச்சி அழித்து, 'தோஹாவில் வேலை செய்கிறவர், கடையைப் பார்த்ததில்லை' என்று எழுதினார். பில்லை வைத்துச் சொன்ன ஒரு வரி. பதினாறு வருடம் மேசையில் இருந்த எனக்கு அது தெரியவில்லை.

நானாவிடம் நானே போய்ச் சொன்னேன். "நானா, வீட்டுக்காரர் சம்மதித்தால் பில்லைப் படம் பிடித்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா? நீங்கள் இடையில் நின்று பதில் சொல்லத் தேவையில்லை." அவர் யோசித்துவிட்டு, "அது எனக்கும் நிம்மதி தம்பி, எத்தனை பேர் என்னைச் சந்தேகமாய்க் கேட்டிருக்கிறார்கள்" என்றார். இப்போது ஏழு வீட்டுக்கு இப்படி நடக்கிறது. காசு நேரே கடைக் கணக்குக்கு வருகிறது. அந்த ஏழு வீட்டிலும் குழாயும் பெயின்டும் நம்மிடம்தான்.

மற்ற 21 பேருக்குச் சீமெந்துக் கடன் பதினான்கு நாள் என்று கட்டினேன், ஏஜென்ட் எனக்குத் தருகிற அதே நாள். நான்கு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், அதில் ஒருவர் போவது எனக்கு வருத்தம்தான். ஏழு மாதத்தில் வெளியில் நிற்கிற காசு 50 இலட்சத்திலிருந்து 36 ஆனது, ஓடி 17 இலட்சத்துக்கு இறங்கியது. பின் மூலைத் தட்டுகளை முன்வாசலுக்குக் கொண்டுவந்து, அளவு வாரியாகப் பெட்டியில் போட்டு, பெயர் எழுதி ஒட்டினோம். அந்த 1,260 பெயர்ப் பட்டியலையே சுவரிலும் போட்டோம், பொடியன்கள் இப்போது ஒரே பெயரைத்தான் அடிக்கிறார்கள்.

குறைகளுக்கு வருகிறேன். பெரிய குறை, என் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் எல்லாவற்றையும் முதல் நாளே ஒரு பென்டிரைவில் எடுத்துப் போனார்கள். எங்கே வைப்பீர்கள், வேலை முடிந்தால் அழிப்பீர்களா என்று கேட்டதற்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, இந்தத் தொழில் செய்கிறவர்கள் அதை என்னைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். நான் வற்புறுத்திய பிறகு பெயர்களை இலக்கங்களாக மாற்றி, எந்த இலக்கம் யார் என்ற பட்டியலை என்னிடமே விட்டார்கள், கடிதமும் தந்தார்கள். நானாவின் பெயரை அதற்கு முன்பே எல்லாரும் பார்த்தாகிவிட்டது. மற்றவர்கள் போனால் முதல் நாளே இதைக் கேளுங்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. எனக்கு வாசிக்க முடியும், ஆனால் கடைத் தம்பிமாருக்கும் மனைவிக்கும் விளங்க வேண்டுமே. தமிழில் கேட்டதற்கு ஒரு வாரம் எடுத்தார்கள். இந்த ஊரில் கடைக்காரருக்குச் செய்கிற வேலை முதலிலேயே தமிழில் வர வேண்டும், கேட்ட பிறகு வருவது சரியில்லை. பதினொரு நாள் என்று சொன்னது பத்தொன்பது நாள் ஆனதும் உண்மை, அதில் பாதிப் பிழை என் பில்களுடையது.

கட்டணம் 65,000 ரூபாய், ஆறு மாதத்துக்குப் பிறகு ஒருமுறை வந்து பார்ப்பதும் அதற்குள் அடக்கம். குறைந்தது இரண்டு வருடப் பில் சாமான் வாரியாக இருந்தால் மட்டும் போங்கள். கையெழுத்துப் பில்லில் மொத்தத்தை மட்டும் எழுதுகிற கடை என்றால், முதலில் ஒரு வருடம் ஒழுங்காகப் பில் போட்டுவிட்டுப் போவது நல்லது, இல்லாவிட்டால் 'தரமான பொருள், நட்பான சேவை' என்ற தாள்தான் கிடைக்கும். கடன் கொடுக்காத, முழுக்கக் கைக்காசுக் கடைக்கு இவ்வளவு தேவையா என்றும் யோசியுங்கள். பங்குச் சந்தை அறிக்கை வாசிப்பதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. உங்கள் சரக்கைச் செய்கிற கொம்பனி பட்டியலில் இருந்தால் இன்றிரவே எடுத்து, குறிப்புகள் பகுதியிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்.

இந்த ஏப்ரலில், மார்ச் கணக்கு முடிந்ததும் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். இந்த முறை லொறியின் டீசல் பில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். மூதூர்ப் பக்கம் ஒரு நடை போய்வந்தால் உண்மையில் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். லொறித் தம்பிக்குப் புதுக் கொப்பியும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், தடித்த மட்டை போட்டது.